கொடைக்கானல் சூரியனும் உங்கள் ஸ்கேன் ஃபிலிமும்!

கொடைக்கானல் போனால் என்னென்ன பார்ப்பீர்கள்? ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, பிரையண்ட் பூங்கா... கிளம்பும்போது கொஞ்சம் சாக்லேட், ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம். அவ்வளவுதான், இறங்கிவிடுவீர்கள். ஊருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஏறிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

"என்ன வைத்தியரே, உடம்பைப் பத்தி எழுதச் சொன்னா சூரியனைப் பத்தி எழுதறீரே!" என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இன்றைக்கு என்னிடம் நாடி பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பெரிய காகித உறையோடுதான் வருகிறார்கள். உள்ளே ஸ்கேன் ஃபிலிம். "இதையும் பாத்துச் சொல்லுங்கய்யா" என்று விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் எப்படி உருவாகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பது நம் வீட்டு விஷயமாகிவிட்டது. அந்தக் கதை தொடங்கும் இடங்களில் சூரியனும் ஒன்று.

முதலில் மலைக்கு மேலே போய்விட்டு வருவோம்.

பஞ்சத்தில் பிறந்த ஆய்வுக்கூடம்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சுடுகாடாக்கிய பஞ்சம். மழை ஏன் பொய்த்தது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ? அந்தச் சந்தேகத்தில்தான் சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1899-இல் கொடைக்கானலில் ஆய்வுக்கூடம் அமைந்தது. முதல் இயக்குநர் மிக்கி ஸ்மித்.

1904-லிருந்து சூரியனின் சாதாரண ஒளிப்படங்கள், 1907-லிருந்து கால்சியம் ஒளியில் எடுத்த படங்கள், 1912-லிருந்து ஹைட்ரஜன் ஒளியில் எடுத்த படங்கள் என்று மேகமில்லாத நாளிலெல்லாம் எடுத்துச் சேர்த்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சூரியப் படங்கள்! இப்படி ஒரு சேமிப்பு உலகத்தில் வெகு சில இடங்களில்தான் உண்டு. (கரும்புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை பெருகிக் குறையும். அதே மலையில் 12 வருஷத்துக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு என்னிடம் பேசியவர்கள் பலர். ஒரு சம்பந்தமும் கிடையாது!)

1909 ஜனவரியில், அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட் ஒன்றைக் கண்டுபிடித்தார். கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது. 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் ஓடும் வாயுவின் வேகத்தை அவர் எப்படி அளந்தார்? நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் தடிமனாகிவிடும் இல்லையா? அதே விதி ஒளிக்கும் உண்டு. ஒளியின் நிறக்கோடு லேசாக நகர்ந்திருப்பதை வைத்து வேகத்தைச் சொல்லிவிட்டார். 'எவர்ஷெட் விளைவு' என்று இன்றும் அதற்குப் பெயர்.

இதயத்துக்கு 'எக்கோ டாப்ளர்' எடுத்திருக்கிறீர்களா? வால்வு வழியாக ரத்தம் என்ன வேகத்தில் பாய்கிறது என்று திரையில் சிவப்பும் நீலமுமாகக் காட்டுவார்களே... தத்துவம் அதேதான். அங்கே ஒளி, இங்கே காதுக்குக் கேட்காத ஒலி.

படத்துக்குள் ஒரு கரகரப்பு

கொடைக்கானல் டி.வி. டவர் வந்த புதிதில் தென் மாவட்டங்களில் என்ன பாடு பட்டோம், ஞாபகம் இருக்கிறதா? மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார். "தெரியுதா... தெரியுதா..." கீழே இருந்து, "இல்லப்பா, புள்ளிப் புள்ளியா வருது!" அந்தப் புள்ளிகளுக்குத்தான் விஞ்ஞானத்தில் 'இரைச்சல்' என்று பெயர். சத்தமே இல்லாவிட்டாலும் இரைச்சல்தான். நமக்கு வேண்டிய செய்தியோடு கலந்து வரும் வேண்டாத குப்பை.

கொடைக்கானல் படத் தட்டுகளிலும் இரைச்சல் உண்டு. மெல்லிய மேகம், காற்றின் நடுக்கம், தட்டில் விழுந்த தூசி, கீறல், ரசாயனப் பூச்சின் பொடிப்பொடியான துகள்கள். அத்தனை தட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அங்கே பெரிய கேள்வி ஒன்று வரும். படத்தில் இருக்கும் சின்னக் கறுப்புப் பொட்டு கரும்புள்ளியா, வெறும் தூசியா?

மறுநாள் தட்டை எடுத்துப் பார்ப்பதுதான் எளிய வழி. சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது, நமக்குத் தெரிகிற கணக்கில் சுமார் 27 நாளுக்கு ஒரு சுற்று. நிஜமான கரும்புள்ளி மறுநாள் நகர்ந்திருக்கும். தூசி நகராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு நோயாளியின் கதையில் வரும்.

நாடி பார்ப்பதிலும் இந்தத் தொல்லை உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு, சாப்பிட்ட கையோடு, மலை ஏறி மூச்சு வாங்க வந்தவர்களுக்கு உடனே நாடி பார்க்காதே என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்கள் ஆசிரியர்கள் படித்துப் படித்துச் சொல்வார்கள். வாதம், பித்தம், கபம் மூன்றும் குழம்பித் தெரியும். கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்தால் குழப்பம் தணியும். ஆனால் ஸ்கேன் படத்தின் இரைச்சல் உட்கார வைத்தால் தணிவதில்லை. ஏன்?

முற்றத்தில் சாரல்

மலையில் சாரல் விழும்போது முற்றத்தில் ஒரே அளவான இரண்டு தட்டுகளை வையுங்கள். ஒன்றில் 100 துளி விழுந்தால் இன்னொன்றில் 92 விழும், அல்லது 109 விழும். சாரல் ஒரே மாதிரிதான், ஆனாலும் எண்ணிக்கை தப்பும். 100 துளி என்றால் சுமார் 10 அப்படி இப்படி ஆகலாம். அதாவது நூற்றுக்குப் பத்து. நன்றாக மழை பெய்து 10,000 துளி விழுந்தால்? சுமார் 100 அப்படி இப்படி. நூற்றுக்கு ஒன்றுதான்!

எக்ஸ்ரே கதிரும் துளித்துளியாகத்தான் வருகிறது. கொஞ்சமாக அனுப்பினால் எண்ணிக்கை தடுமாறும், படம் புள்ளி புள்ளியாக இருக்கும். நிறைய அனுப்பினால் படம் தெளிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரைச்சலைப் பாதியாக்க வேண்டும் என்றால் கதிர்வீச்சை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆக்க வேண்டும். அத்தனையும் நோயாளியின் உடம்புக்குள் அல்லவா போகிறது!

சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு 0.1 மில்லி சீவர்ட் அல்லது அதற்கும் கீழே. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நமக்கு வருவது உலக சராசரியில் வருஷத்துக்குச் சுமார் 2.4. வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் சுமார் 8 முதல் 10. மூன்று, நான்கு வருஷத்துக்கு இயற்கை தருவதை ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறோம். தேவைப்படும்போது எடுத்தால் இதில் பயப்பட ஒன்றுமில்லை, நன்மைதான் அதிகம். ஆனால் 'எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்' என்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. குழந்தைகள் விஷயத்தில் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும்.

அப்படியானால் கதிரைக் குறைத்துவிட்டு, மிச்சத்தைக் கணக்கால் சரிக்கட்ட முடியுமா? முடியும்.

சென்னையிலிருந்து ஒரு பெயர்

சி.டி. ஸ்கேன் உங்கள் உடம்பை நேரடியாகப் படம் எடுப்பதில்லை. சுற்றிச் சுற்றிப் பல கோணத்தில் நிழல்களை எடுக்கிறது. அந்த நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது. இது முடியும் என்று 1917-லேயே ஆஸ்திரியக் கணித மேதை யோகான் ராடோன் நிரூபித்துவிட்டார். மருத்துவம் அவர் நினைப்பிலேயே இல்லை. 1956-இல் ரொனால்ட் பிரேஸ்வெல் இதே மாதிரிக் கணக்கைக் கையில் எடுத்தார். எதற்கு? ரேடியோ அலையில் சூரியனின் படத்தை உருவாக்க! அவருடைய தொலைநோக்கிக்கு வானம் கோடு கோடாகத்தான் கிடைத்தது, கோடுகளைச் சேர்த்துப் படமாக்க வேண்டியிருந்தது.

அடுத்த பெயரைக் கேட்டால் உங்களுக்குப் பெருமையாக இருக்கும். ஜி.என்.ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்று, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழைக் கயிறு போல முறுக்கியிருக்கிறது என்று 1954-இல் சொன்னவர். அவரும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிழல்களிலிருந்து படத்தைத் திரும்பக் கட்ட, அதுவரை இருந்த நீளமான கணக்குக்குப் பதிலாகக் குறுக்குவழி ஒன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு 'வடிகட்டி'யில் போட்டு எடு, பிறகு வந்த வழியே திருப்பிப் பரப்பு. அவ்வளவுதான்! ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இரண்டு பெயரையும் சுருக்கி 'ராம்-லாக் வடிகட்டி' என்று உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

அதே 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. 80-க்கு 80 கட்டம் கொண்ட படம். இன்று சாதாரணமாக 512-க்கு 512. ஹௌன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கோர்மாக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவே இல்லை. 2001-இல் சென்னையில் காலமானார். ஸ்கேன் சென்டர்களில் அவர் படத்தை மாட்டி வைக்கலாம் என்பது என் கட்சி.

ஆனால் ராம்-லாக் வடிகட்டியில் ஒரு சங்கடம். ஓரங்களைக் கூர்மையாக்கிக் காட்டுகிற அதே வேகத்தில் இரைச்சலையும் தூக்கிக் காட்டிவிடும்.

கஷாயம் ஆறுவது எப்படி?

இங்கேதான் 'வகைக்கெழுச் சமன்பாடு' வருகிறது. பயந்துவிடாதீர்கள்! ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காமல், எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கேட்கும் கணக்கு, அவ்வளவுதான்.

ஆடாதோடைக் கஷாயம் 90 டிகிரி சூட்டில் இறக்குகிறீர்கள். கொடைக்கானலில் அறையின் சூடு 15 டிகிரி. வித்தியாசம் 75. கால் மணிக்கு ஒருமுறை வித்தியாசம் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கால் மணியில் 37 டிகிரி இறங்கிவிடும். அடுத்த கால் மணியில் 19 மட்டும். அதற்கடுத்து 9 மட்டும். வித்தியாசம் அதிகமென்றால் வேகம் அதிகம், வித்தியாசம் குறைந்தால் வேகமும் குறைவு. சூடு ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய சமன்பாட்டின் சாரமும் இதுதான். அவர் புத்தகம் வந்தது 1822-இல்.

அந்தச் சமன்பாட்டை ஒரு படத்தின்மேல் ஓடவிட்டால்? வெளுப்பான புள்ளியைச் சூடு என்றும், கறுப்புப் புள்ளியைக் குளிர் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். பொடிப்பொடி இரைச்சல் கரைந்து போகும். நல்லதுதானே? இல்லை! கல்லீரலின் ஓரம், எலும்பின் ஓரம் எல்லாமே சேர்ந்து கரைந்து, பனிமூட்டத்தில் பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

பூம்பாறைப் பக்கம் போயிருக்கிறீர்களா? மலைச் சரிவில் படிப்படியாகப் பூண்டு வயல்கள். ஒரு வயலுக்குள் தண்ணீர் பாய்ந்தால் மேடு பள்ளம் பார்த்து ஒரே மட்டமாக நிற்கும். ஆனால் வரப்பைத் தாண்டாது. மேல் படியும் கீழ்ப் படியும் கலந்துவிடாது. 1990-இல் பியட்ரோ பெரோனாவும், நம் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்ட யோசனை இப்படிப்பட்டதுதான். பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசம் சின்னதாக இருந்தால் அது இரைச்சல், பாயவிடு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் அது ஓரம், வரப்புக் கட்டி நிறுத்து. 1992-இல் ருடின், ஓஷர், ஃபாட்டெமி என்ற மூவர் வேறொரு வழியில் இதையே சாதித்தார்கள். இந்த வகைக் கணக்குகளும், நிழலோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திருத்தும் முறைகளும் சேர்ந்துதான் குறைந்த கதிரில் எடுக்கும் ஸ்கேனுக்கு வழி விட்டன. நெஞ்சுக்குச் சாதாரண சி.டி. சுமார் 6 மில்லி சீவர்ட் என்றால், குறைந்த கதிர் சி.டி. சுமார் 1.5.

சரி, எது வரப்பு, எது மேடு என்று யார் முடிவு செய்வது? அங்கேதான் சிக்கல். மெல்லிய எலும்பு விரிசலும் சின்ன வித்தியாசம்தான். சின்னஞ்சிறு கட்டியின் மங்கலான ஓரமும் அப்படித்தான். அதிகமாகத் துடைத்தால் நோயையும் சேர்த்துத் துடைத்துவிடலாம். இப்போது செயற்கை நுண்ணறிவு வைத்தும் படத்தைச் சுத்தம் செய்கிறார்கள். படம் பளிச்சென்று அழகாக இருக்கும். அழகாக இருப்பதாலேயே அது உண்மை என்று ஆகிவிடாது. இல்லாததைக் காட்டவும், இருப்பதை மறைக்கவும் அதற்கு வழி உண்டு. 'படம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறதே, மெஷின் சரியில்லையோ' என்று நோயாளிகள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். கரகரப்பு, கதிரைக் குறைத்து எடுத்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

8 மில்லிமீட்டர் கவலை

மலைக் கிராமத்திலிருந்து அறுபது தாண்டிய பூண்டு விவசாயி ஒருவர் வந்தார். இரண்டு மாத இருமல், எடை இறங்கியிருந்தது. பீடிப் பழக்கம் வேறு. "ஸ்கேனெல்லாம் வேணாங்கய்யா... ஒரு லேகியம் குடுங்க, போதும்."

"பெரியவரே, லேகியம் எங்க போயிடப் போகுது? முதல்ல சளிப் பரிசோதனை, அப்புறம் நெஞ்சுப் படம். அது ரெண்டும் வராம நான் மருந்து எழுத மாட்டேன்" என்றேன். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து நுரையீரல் கட்டியின் அளவைச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சளியில் காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் சந்தேகம். நெஞ்சு மருத்துவர் சி.டி. எடுக்கச் சொன்னார். வலது நுரையீரலில் 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு பொட்டு! பழைய தழும்பாகவும் இருக்கலாம், புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஒரு படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்துக் குறைந்த கதிரில் மறுபடி எடுப்போம் என்றார் அந்த மருத்துவர்.

குடும்பமே என்னிடம் ஓடி வந்தது. "அதுவரைக்கும் சும்மா இருக்கச் சொல்றாங்களே, வளர்ந்துட்டா என்ன செய்யறது?" நியாயமான பயம். தட்டில் விழுந்த தூசியா, கரும்புள்ளியா என்று மறுநாள் படத்தைப் பார்த்தார்கள் அல்லவா, அதையே சொல்லி விளக்கினேன். இங்கேயும் கேள்வி 'எவ்வளவு பெரிசு' அல்ல, 'எவ்வளவு வேகத்தில் மாறுகிறது'. 8 மில்லிமீட்டர் பொட்டு 10 ஆனால், 'ரெண்டு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். ஆனால் 8-ஐ மூன்று முறை பெருக்கினால் 512, 10-ஐ மூன்று முறை பெருக்கினால் 1000. கன அளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு! அந்த இரண்டு மில்லிமீட்டரை இரைச்சல் விழுங்கிவிடக்கூடாது, இரைச்சலே அந்த இரண்டு மில்லிமீட்டரை உண்டாக்கிவிடவும் கூடாது. அதனால்தான் அதே சென்டரில், அதே மாதிரி எடுக்கச் சொன்னார்கள்.

பெரியவர் பீடியை நிறுத்தினார். இருமல் மட்டுப்பட மருந்து கொடுத்தேன், நெஞ்சு மருத்துவருக்கும் தெரிவித்துவிட்டுத்தான். மூன்றாம் மாதப் படத்தில் பொட்டு அப்படியே இருந்தது. ஒரு வருஷம் கழித்தும் அப்படியேதான். பழைய தழும்பாகத்தான் இருக்கும் என்றார்கள். இன்னும் ஒருமுறை எடுக்கத் தேதி குறித்திருக்கிறார்கள். எடை ஏறியிருக்கிறது.

நீங்கள் கேட்பவை

*பழைய ஃபிலிமை வைத்திருக்க வேண்டுமா?* ஃபிலிம், சி.டி. தட்டு, ரிப்போர்ட் மூன்றையும் வைத்திருங்கள். முடிந்தால் கேட்டு சி.டி. தட்டு வாங்குங்கள், ஃபிலிமில் எல்லாப் படமும் வருவதில்லை. ஊர் மாறி டாக்டர் மாறி ஒரே மாதத்தில் மூன்று முறை ஸ்கேன் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் சி.டி. தட்டு பீரோவில் தூங்கியது!

*கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தால்?* எக்ஸ்ரே, சி.டி. எதுவானாலும் முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள்.

*அல்ட்ரா சவுண்டிலும் கதிர்வீச்சு உண்டா?* எக்ஸ்ரே கிடையாது, ஒலி அலைதான். எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே இல்லை, காந்தமும் ரேடியோ அலையும்தான்.

*எம்.ஆர்.ஐ.க்குள் படபடவென்று தட்டுகிறதே, ஏதாவது உடைந்துவிட்டதா?* இல்லை. அங்கே நிஜமான இரைச்சலே உண்டு! உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்கள் மின்சாரம் மாறும்போது அதிர்வதால் வரும் சத்தம். காதில் வைக்கப் பஞ்சோ ஹெட்போனோ கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். அந்தச் சத்தம் படத்தைக் கெடுக்காது. நீங்கள் அசைந்தால்தான் கெடும். இதயத்தில் பேஸ்மேக்கரோ, உடம்பில் வேறு உலோகமோ பொருத்தியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாலிச் சங்கிலி, கொலுசு, தாயத்து, அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளி எல்லாவற்றையும் கழற்றி வீட்டு ஆட்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.